கேம்ல கதை நிஜமாவே தேவையா, இல்ல நாமளா பழகிட்டோமா?

ஸ்கிப்மன்னன்:
ரொம்ப நாளா மனசுல கிடக்கிறத கொட்டிடறேன், திட்டுறவங்க தாராளமா திட்டுங்க. பெரிய பட்ஜெட் கேம் எதைப் போட்டாலும் முதல் ஒரு மணி நேரம் கன்ட்ரோலரை மடில வச்சுட்டு பாத்துக்கிட்டே உக்காரணும். யாரோ நடக்கிறான், யாரோ அழறான், ஃப்ளாஷ்பேக், திரும்பவும் நடக்கிறான், நடுவுல ஸ்டிக்கை முன்னாடி தள்ளுறது மட்டும்தான் என் வேலை. படம் பாக்கணும்னா படமே பாத்துட்டுப் போறேன், அதுக்கு எதுக்குய்யா கன்சோல்?

டூம்ங்கிற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு இன்ஜின் எழுதின ஜான் கார்மாக் அப்பவே சொல்லிட்டார், கேம்ல கதைங்கிறது ஆபாசப் படத்துல வர்ற கதை மாதிரி, இருக்கும்னு எதிர்பார்ப்பாங்க ஆனா அது முக்கியமில்லன்னு. டிசைனர் டாம் ஹால் அந்த கேமுக்கு டூம் பைபிள்னு பெரிய டாக்குமெண்ட்டே எழுதி வச்சிருந்தார், அதுல பெரும்பகுதியைத் தூக்கிக் கடாசிட்டுத்தான் 1993ல கேமை விட்டாங்க. ஹால் அதுக்கு முன்னாடியே கம்பெனியை விட்டுப் போயிட்டார். என்ன கெட்டுப்போச்சு? இன்னிக்கும் ஜனங்க டூம் ஆடிக்கிட்டுதான் இருக்காங்க.

டெட்ரிஸ்ல கதை எங்க? 2024ல பலாட்ரோன்னு சீட்டுக்கட்டு கேம், ஒரே ஆள் பண்ணது, கதைன்னு ஒரு வரி கிடையாது, அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல கேம் ஆஃப் த இயர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. என் கட்சி இதுதான்: கதைங்கிறது மேல ஒட்டின ஸ்டிக்கர், கிழிச்சுப் போட்டாலும் கேம் கேம்தான்.

மெதுவாநடப்பவன்:
ப்ரோ நீங்க திட்டுறது கட்சீனை, அதாவது நம்மளை ஆட விடாம நடுவுல ஓடற படக்காட்சியை, பழி போடறது கதை மேல. ரெண்டும் வேற வேற.

1998 ஹாஃப்-லைஃப் ஆடினீங்களா? ஆரம்பத்துல ட்ராம்ல போற சீன் உண்டு, ஆனா அங்கயும் கேமரா உங்க கண்ணுதான், உள்ள நடக்கலாம், எந்த ஜன்னல்ல வேணாலும் எட்டிப் பாக்கலாம். கேம் முழுக்க ஹீரோ கோர்டன் ஃப்ரீமேன் வாயே திறக்க மாட்டான். எல்லாத்தையும் தாண்டி, பிரேக் ரூம்ல ஒரு மைக்ரோவேவ் இருக்கும், உள்ள யாரோ ஒரு ஆளோட சாப்பாடு. பட்டனை விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா அது வெடிச்சுரும். எந்த மிஷனும் அதைப் பண்ணச் சொல்லல, நாமளா பண்ற சேட்டை. 2007ல வந்த ஹாஃப்-லைஃப் 2 எபிசோட் டூல டாக்டர் மேக்னுசன்னு ஒருத்தர் வருவார், அந்த சாப்பாடு அவரோடதாம், ஒன்பது வருஷம் கழிச்சு வெளிவந்த கேம்ல வந்து அதைக் குத்திக்காட்டுவார். நான் அதைக் கேட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே. எந்த கட்சீனும் எனக்கு அதைத் தரல, ஏன்னா அந்த பட்டனை அமுக்கினது என் கை.

ரேங்க்டுராணி:
நான் ரெண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. மல்டிபிளேயர் ஆடறவங்களுக்கு கதை வேணும்னா லாபில கிடைக்கும். கடைசி ரவுண்டு, டீம்ல எல்லாரும் அவுட், நான் ஒருத்தி எதிர்ல மூணு பேர், மைக்ல நாலு பேர் மூச்சு விடாம பாக்குறானுங்க, ஜெயிச்சதும் ஒரு சத்தம் வரும் பாருங்க, அதை எந்த ரைட்டரும் எழுத முடியாது.

ஓவர்வாட்ச் 2016ல வந்தப்ப கதை முழுக்க வெளில குறும்படமாவும் காமிக்ஸாவும்தான் இருந்துச்சு, மேட்சுக்குள்ள போனா செத்துப்போன தம்பியும் கொன்ன அண்ணனும் ஒரே டீம்ல பேலோடு தள்ளிக்கிட்டு இருப்பாங்க. யாராவது கவலைப்பட்டோமா? லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமை வச்சு எடுத்த ஆர்கேன் சீரிஸ் பாத்து அழுதேன், லீக் ஆடியும் அழுதிருக்கேன், ஆனா காரணம் வேற 😭

லோர்பைத்தியம்:
தம்பி சாகல ராணி, அதுதான் அந்தக் குறும்படத்தோட ட்விஸ்ட்டே. பாத்தீங்களா, கவலைப்படலன்னு சொல்றீங்க, ஆனா யாரு யாரைக் கொன்னான்னு பாதிக்கு மேல ஞாபகம் இருக்கு.

சரி என் பங்குக்கு டார்க் சோல்ஸ். (ஆமா, வந்துட்டேன், கதவைச் சாத்தாதீங்க.) கதையை உக்காரவச்சு யாரும் சொல்லமாட்டாங்க. ஒரு மோதிரத்தோட விவரத்துல ரெண்டு வரி, ஒரு பிணம் கிடக்கிற இடம், ஒரு சிலை இருக்கவேண்டிய இடத்துல வெறும் பீடம். அந்த கேமோட டைரக்டர் மியாசாகி ஒரு பேட்டில சொல்லிருக்கார், சின்ன வயசுல வேற மொழி ஃபேன்டசி புக் எல்லாம் எடுத்துப் படிப்பாராம், பாதி புரியாது, புரியாத இடத்தைப் படத்தைப் பாத்து தானே இட்டுக்கட்டி நிரப்பிக்குவாராம். அந்த அனுபவத்தையே கேமா மாத்திட்டார் மனுஷன். நமக்கும் அப்படித்தானே, சப்டைட்டில் புரியாத வயசுல ஆடின கேமுக்கெல்லாம் மனசுல ஒரு கதை வச்சிருந்தோம், பின்னாடி உண்மையான கதை தெரிஞ்சப்ப நம்மளது இன்னும் நல்லா இருந்துச்சேன்னு தோணும்.

ஸ்கிப்மன்னன்:
லோர் நீங்க என் கட்சிக்குத்தான் ஓட்டு போட்டிருக்கீங்க. டார்க் சோல்ஸை நான் முழுசா முடிச்சேன், யாரைக் கொன்னேன் எதுக்குக் கொன்னேன் ஒண்ணும் தெரியாது, மோதிரத்துல எழுதினதை ஒரு தடவைகூட படிச்சதில்ல, செமயா இருந்துச்சு. அப்போ கதை இல்லாமலும் ஓடுதுல்ல?

லோர்பைத்தியம்:
ஓடும். ஆனா ஆர்ன்ஸ்டைன், ஸ்மோன்னு ரெண்டு பாஸ் எதிரிகளைச் சந்திக்கிற அந்த ஹாலுக்குள்ள நுழையறப்ப உங்களுக்கு ஏதோ பெரிய இடத்துக்கு வந்துட்டோம்னு தோணுச்சா இல்லையா? அந்த தூண், அந்த அமைதி, மேல பால்கனில ஏறிக் குதிக்க ரெடியா நிக்கிற ஆளு. அதுவும் கதைதான் ப்ரோ, நீங்க படிக்காமலே உள்ள போயிருச்சு.

பழையகேசட்:
இந்தச் சண்டை கேம் ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது தம்பிகளா. ஜேனட் மர்ரேன்னு ஒரு பேராசிரியர் 1997ல டெட்ரிஸுக்கே கதை சொன்னாங்க, மேலேர்ந்து வேலை விழுந்துக்கிட்டே இருக்கு, அடுக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது, இது 90கள்ல அமெரிக்கர்கள் வாழ்ந்த ஓயாத வாழ்க்கைதான்னு. இன்னொரு கோஷ்டிக்கு இதைக் கேட்டு பத்திக்கிட்டு வந்துச்சு. மார்க்கு எஸ்கெலினன் 2001ல எழுதினார், நான் உங்க மேல ஒரு பந்தை எறிஞ்சா, அதைக் கீழ போட்டுட்டு அது கதை சொல்லட்டும்னு நீங்க காத்திருப்பீங்கன்னு நான் எதிர்பார்க்க மாட்டேன்னு. ஸ்கிப்மன்னன் அந்த கோஷ்டி.

எனக்கு ரெண்டு பேரும் ஓவரா போன மாதிரிதான் தெரியும். அதுல உருப்படியா வந்த கேள்வி, கதை ஒண்ணு சொல்லி ஆட்டம் வேற ஒண்ணு சொன்னா என்ன ஆகும்ங்கிறது. பயோஷாக் வந்த அதே 2007ல கிளின்ட் ஹாக்கிங்னு ஒரு டிசைனர் இதைப் பத்தி எழுதினார். அந்த கேம்ல சின்னப் பொண்ணுங்களைக் காப்பாத்தலாமா, சுயநலமா அவங்ககிட்ட இருக்கிற சக்தியை உறிஞ்சலாமான்னு ஆட்டம் உங்ககிட்ட விடுது. ஆனா கதையில ரேடியோல வழிகாட்டற அட்லஸ்ங்கிறவன் சொல்றதைக் கேட்டே ஆகணும், மாட்டேன்னு சொல்ல வழியே இல்ல. கைக்கு சுதந்திரம், கதைக்கு கால்கட்டு. இதுக்கு அவர் லூடோநரேட்டிவ் டிசனன்ஸ்னு வாய்ல நுழையாத பேர் வச்சார், பேர் பரவி எல்லாரும் எல்லாத்துக்கும் அடிச்சு விட ஆரம்பிச்சாங்க. அன்சார்ட்டட் கேம்ல ஹீரோ நாதன் டிரேக் ஜாலியான நல்லவன், ஆனா ஊரையே சுட்டுத் தள்றான்னு கிண்டல் பண்ணிப் பண்ணி, 2016ல அன்சார்ட்டட் 4ல ஆயிரம் பேரைக் கொன்னா கிடைக்கிற சாதனை ட்ராஃபிக்கு அந்தப் பேரையே வச்சுட்டாங்க, அவங்களே.

கறுப்புக்கோட்டை:
அந்த ட்ராஃபி செம நக்கல் 😂

ஆனா எனக்கு எரிச்சல் வர்றது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மேல. ஆர்தர் மார்கன் மாதிரி ஒரு கேரக்டரை நான் கேம்ல பாத்ததில்ல, அதுல மாற்றுக்கருத்தே இல்ல. உலகம் முழுக்க எங்க வேணா போலாம், குதிரையைத் தட்டிக்கொடுக்கலாம், மான் தோல் உரிக்கலாம். மிஷன் ஆரம்பிச்ச அடுத்த நிமிஷம், வீட்டுக்குப் பின்பக்கமா சுத்திப் போய் அடிக்கலாம்னு நாலு அடி தள்ளிப் போனா மிஷன் ஃபெயில். அவங்க நினைச்ச கதவு வழியாத்தான் போகணுமாம். ஒரு மணி நேரம் முன்னாடி வரைக்கும் நான் ஆர்தர், இப்ப ஆர்தரா நடிக்கிற எக்ஸ்ட்ரா ஆர்டிஸ்ட்.

மாஸ் எஃபெக்ட் 3 பத்தி பேசவே வேணாம். மூணு கேம் முழுக்க முடிவெடுத்து எடுத்து கொண்டுவந்து சேத்தா கடைசில மூணு கலர்ல ஒரே வெடிப்பு. ஜனங்க போட்ட கூச்சல்ல அதே 2012ல இலவசமா எக்ஸ்டென்டட் கட்னு முடிவை நீட்டி விட்டாங்க. கதை முக்கியமில்லன்னா எதுக்கு அவ்ளோ சண்டை, ஸ்கிப்மன்னன் பதில் சொல்லணும்.

பேட்ச்நோட்ஸ்:
நான் ஒரு சின்ன டீம்ல லெவல் டிசைன் பண்றேன், உள்ள இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன்.

கதை ஏன் பல கேம்ல ஒட்டுப்போட்ட மாதிரி இருக்குன்னா, நிஜமாவே ஒட்டுப்போட்டதுதான். லெவல் எல்லாம் கட்டி முடிச்சப்புறம், பனிமலை ஒண்ணு ரெடி பாலைவனம் ஒண்ணு ரெடி, நடுவுல இருந்த ஊர் கட் ஆகிருச்சு, ஹீரோ ஏன் இங்கேர்ந்து அங்க போறான்னு ஏதாச்சும் எழுதுங்கன்னு ரைட்டர்கிட்ட போவாங்க. ஒரு லெவலைத் திரும்பக் கட்ட மாசக்கணக்காகும், ரேடியோல ஒரு குரல் பேசற மாதிரி ரெண்டு வரி ரெக்கார்ட் பண்றது ஒரு நாள் வேலை. அதனால ஓட்டை விழுற இடத்துல எல்லாம் ரேடியோ பேசும். அடுத்த தடவை கேம் ஆடறப்ப யாராவது ரேடியோல ரொம்ப நேரம் விளக்கம் கொடுத்தா, அங்க ஏதோ ஒண்ணு செத்துப்போச்சுன்னு புரிஞ்சுக்குங்க.

ஹீரோ பாறை இடுக்குல உடம்பை நுழைச்சு மெதுவா போற சீன் இருக்குல்ல, ஸ்கிப்மன்னன் திட்டற அதே மெதுநடை, அது பல நேரம் கதைக்காக வச்சது இல்ல, அடுத்த ஏரியா லோடு ஆகிறதை மறைக்கிற திரை. மாஸ் எஃபெக்ட் முதல் பார்ட்ல லிஃப்ட்ல நின்னுட்டே இருப்போமே, அதே வேலைதான். நல்ல டீம் அந்த நேரத்துல ரெண்டு கேரக்டரைப் பேசவிட்டு ரசிக்க வச்சிரும், அவ்ளோதான் வித்தியாசம்.

கறுப்புக்கோட்டை கேட்டதுக்கும் இதுதான் காரணம். பின்பக்கமா போக விட்டா அதுக்கு தனி டயலாக், தனி அனிமேஷன், தனி டெஸ்டிங். ரெண்டு வழி நாலாகும், நாலு எட்டாகும், அதுல பெரும்பாலான ஆளுங்க பாக்கவே போறதில்லாத வழிக்கு யார் காசு கொடுப்பா? அதையும் மீறி 2023ல பால்டர்ஸ் கேட் 3ல அந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பண்ணிக் காட்டினாங்க, அதனாலதான் எங்க ஃபீல்டுல எல்லாரும் வாயைப் பொளந்து பாத்தோம்.

ஸ்கிப்மன்னன்:
@கறுப்புக்கோட்டை கதைக்கு அடிமையாக்கிட்டு முடிவை சொதப்பினா சண்டை வரத்தான் செய்யும், அது கதை தேவைன்னு ஆகிடுமா. @பேட்ச்நோட்ஸ் லோடிங் மேட்டர் சூப்பர், இனிமே பாறை இடுக்கைப் பாத்தா கோவம் கொஞ்சம் கம்மியா வரும்.

ஆனா என் கேள்விக்கு நேரடியா யாரும் பதில் சொல்லல. கதையை எடுத்துட்டா ஆட்டமே செத்துப்போற ஒரு கேம் காட்டுங்க. வெறும் பேச்சு கேம் வேணாம், கையால ஆடணும்.

மெதுவாநடப்பவன்:
வாங்க, இதுக்காகத்தான் காத்திருந்தேன். பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், 2013. கடைசி வரைக்கும் ஸ்பாய்லர், ஆடாதவங்க அடுத்த ரெண்டு பாராவைத் தாண்டிப் போயிருங்க.

அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே கன்ட்ரோலர்ல ஒரே ஆள் ஆடணும். இடது ஸ்டிக்கும் இடது ட்ரிக்கரும் அண்ணன், வலது ரெண்டும் தம்பி. முதல்ல மூளை குழம்பும், அப்புறம் கை பழகிரும். பேசறது எல்லாம் கற்பனை மொழி, ஒரு வார்த்தை புரியாது. தம்பிக்குத் தண்ணின்னா பயம், அம்மா தண்ணில போனதைப் பாத்தவன். அதனால நீந்த வேண்டிய இடத்துல எல்லாம் அண்ணன் முதுகைப் பிடிச்சுட்டுத்தான் போவான்.

கடைசில அண்ணன் செத்துப் போயிடறான். அதுக்கப்புறம் உங்க இடது கைக்கு வேலையே இல்ல. சும்மா கன்ட்ரோலரைப் பிடிச்சுட்டு இருக்கும். அப்பாவுக்கு மருந்து எடுத்துட்டு தம்பி தனியா திரும்பி வரான், நடுவுல ஆறு, மழை. தண்ணிக்குள்ள இறங்க மாட்டேங்கிறான். வலது ட்ரிக்கரை எவ்ளோ அமுக்கினாலும் பின்னாடி வந்துடறான். என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறப்ப, தானாவே விரல் அந்தப் பக்கம் போகும். இடது ட்ரிக்கர். அண்ணனோட பட்டன். அமுக்கினதும் பையன் நீந்த ஆரம்பிக்கிறான். அந்த எடத்துல டயலாக் இல்ல, கட்சீன் இல்ல, செத்தவனோட பட்டன் மட்டும்தான்.

இதைப் படமா எடுக்க முடியாது. இத்தனைக்கும் பண்ண யோசெஃப் ஃபாரெஸ் சினிமா டைரக்டர். இப்ப சொல்லுங்க, அதுல கதையை உருவி எடுத்தா அந்த ட்ரிக்கர் வெறும் ட்ரிக்கர். ட்ரிக்கரை எடுத்தா அந்தக் கதை, ஆயிரம் தடவை கேட்ட கதை.

மௌனவாசகர்:
ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், மேல போட்ட போஸ்ட்டுக்காக அக்கவுண்ட் திறந்தேன். ஸ்பாய்லர்னு போட்டும் படிச்சுத் தொலைச்சேன், பரவாயில்ல.

பழையகேசட்:
பேப்பர்ஸ், ப்ளீஸ் சேத்துக்குங்க, அதுவும் 2013தான், லூகஸ் போப். எல்லைல பாஸ்போர்ட் பாத்து முத்திரை குத்தற குமாஸ்தா நீங்க. ஒரு ஆளுக்கு 5 கிரெடிட், சாயங்காலம் அதுல வாடகை, சாப்பாடு, ஹீட்டர், பையனுக்கு மருந்து. ஒரு நாள் ஒருத்தன் வருவான், பேப்பர் எல்லாம் சரியா இருக்கும், உள்ள விடுவீங்க, பின்னாடி என் மனைவி வராங்க கொஞ்சம் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போவான். அந்தம்மாகிட்ட என்ட்ரி பர்மிட் இருக்காது. விட்டா தப்புச் சீட்டு பிரிண்டர்லேர்ந்து கரகரன்னு வரும், ஒரு நாளைக்கு முதல் ரெண்டு தப்புக்கு வார்னிங், அதுக்கு மேல காசு பிடிப்பாங்க. அப்ப மனசாட்சி எல்லாம் பேசாது, நான் அன்னிக்கு ஏற்கனவே எத்தனை தப்பு பண்ணிருக்கேன்னு எண்ணிப் பாத்தேன். எண்ணிப் பாத்தேன்ல, அதுதான் அந்த கேம் என்னைப் பத்தி சொன்ன கதை. மொத்தமா ஒரு மேஜை, ஒரு முத்திரைக் கட்டை, அவ்ளோதான் செட்டு.

ரேங்க்டுராணி:
நல்லாத்தான் இருக்கு எல்லாம், ஆனா கவனிச்சீங்களா, நீங்க காட்டறது எல்லாம் சின்ன கேம். ஸ்கிப்மன்னன் திட்டினது பெரிய கேமை. அதுல எத்தனை இப்படி ட்ரிக்கர் மேஜிக் பண்ணுது? பெரும்பாலும் சண்டை போடு, சீன் பாரு, சண்டை போடு, சீன் பாரு. ரெண்டையும் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சுரலாம். அதுக்கு விமர்சகருங்க அஞ்சு ஸ்டார் கொடுக்கிறது சீனுக்கா சண்டைக்கா?

லோர்பைத்தியம்:
ராணி, ஹேடீஸ் 2020 ஆடிப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும், ரன் சின்னது. ரோக்லைக்ல, அதாவது செத்தா முதல்லேர்ந்து ஆடவேண்டிய கேம் வகைல, சாகறதுதான் பெரிய வெறுப்பு, அவங்க அதையே கதைக்கு வண்டியாக்கிட்டாங்க. செத்தா வீட்டுக்குத் திரும்புவீங்க, வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் புதுசா ஏதாச்சும் சொல்லுவாங்க, யார் கையால செத்தீங்கன்னு சொல்லி வாருவாங்க. நான்லாம் பாஸ்கிட்ட தோக்கப் போறோம்னு தெரிஞ்சா சரி விடு வீட்டுக்குப் போய் நாய்க்கு ரெண்டு தட்டு தட்டிட்டு வருவோம்னு நிம்மதியா சாவேன். அடுத்த வருஷம் ஹ்யூகோ விருதே கொடுத்தாங்க, அறிவியல் புனைகதை நாவலுக்கெல்லாம் கொடுக்கிற அதே ஹ்யூகோ.

கறுப்புக்கோட்டை:
ராணி சொன்ன மேட்சும் கதைதான்னு இப்ப தோணுது, ஆனா யாரும் எழுதாத கதை. ரிம்வேர்ல்டுன்னு காலனி கட்டற கேம்ல அதையே மெக்கானிக்கா வச்சிருக்காங்க, எப்ப கொள்ளைக்காரன் வரணும் எப்ப நோய் வரணும்னு பாத்துப் பாத்து விடறதுக்கு ஒரு ஏஐ, அதுக்கு பேரே ஸ்டோரிடெல்லர். கசாண்ட்ரா கிளாசிக் போட்டா டென்ஷனை ஏத்தி ஏத்தி அடிப்பா, ராண்டி ராண்டம் போட்டா அவன் இஷ்டம், சாமியே துணை. என் காலனில டாக்டருக்கே ஆபரேஷன் தேவைப்பட்டு, செய்யத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த டாக்டர்தான்னு ஆகி, கடைசில சமையல்காரன் கத்தியோட போனான். முடிவை நீங்களே யூகிச்சுக்குங்க.

பேட்ச்நோட்ஸ்:
ராணி கேட்டது நியாயம். பெரிய பட்ஜெட்ல சீன் டீமும் சண்டை டீமும் வேற வேற மாடில உக்காந்திருக்கும், சில சமயம் வேற வேற ஊர்லயே இருக்கும். ரெண்டும் கடைசி மாசத்துலதான் ஒண்ணை ஒண்ணு முழுசா பாக்கும். சின்ன டீம்ல ட்ரிக்கருக்கு ப்ரோக்ராம் எழுதறவனும் கதை எழுதறவனும் ஒரே ஆளா இருப்பான், அதனாலதான் பிரதர்ஸ் மாதிரி விஷயம் அங்க சுலபமா முளைக்குது. காசு ஜாஸ்தியானா கதை நல்லா வரும்னு கிடையாது, முகபாவம் நல்லா வரும்.

ஸ்கிப்மன்னன்:
பிரதர்ஸ் மேட்டர் தலையில உக்காந்துருச்சு, ஒத்துக்கிறேன். ஆனா என் பெரிய கேம் புகார் அப்படியே நிக்குது, ராணியும் பேட்ச்நோட்ஸும் அதுக்கு முட்டுக்கொடுத்துட்டாங்க. எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. எல்லா கட்சீனுக்கும் ஸ்கிப் பட்டன், முதல் தடவை ஆடறப்பவே. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு சேவ் ஃபைலை லோடு பண்ணா இதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு நாலு வரி. இது ரெண்டும் இல்லாம கதை கதைன்னு பேசறவங்களை நான் மதிக்கவே மாட்டேன்.

இப்ப ஸ்பாய்லர் படிக்காத கேமா ஒண்ணு சொல்லுங்க, கை வேலையும் கதையும் பிரிக்க முடியாததா. வாரக்கடைசி ஃப்ரீ.

மெதுவாநடப்பவன்:
அவுட்டர் வைல்ட்ஸ், 2019. லெவல் அப் கிடையாது, புது ஆயுதம் கிடையாது, 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் முதல்லேர்ந்து, உங்ககிட்ட மிஞ்சறது நீங்க தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான். அதனால கதையை ஸ்கிப் பண்ணா கதவே திறக்காது. இதுக்கு மேல ஒரு எழுத்து சொன்னாலும் பாவம்.

மௌனவாசகர்:
கைடு மட்டும் பாக்காதீங்க ஸ்கிப்மன்னன். மாட்டிக்கிட்டா கப்பல்ல இருக்கிற ஷிப் லாகைத் திறந்து பாருங்க, கேள்விக்குறி எங்க இருக்கோ அங்க போங்க.

ஸ்கிப்மன்னன்:
லாகா? படிக்கணுமா?

ரேங்க்டுராணி:
😂😂😂

லோர்பைத்தியம்:
படிங்க ப்ரோ. மோதிரத்துல எழுதினதை விட சின்னதாத்தான் இருக்கும்.